ப்ரீகால்குலஸும் நம் பதினொன்றாம் வகுப்புக் கணக்கும் ஒன்றா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பை முடித்திருக்கிறாள். கணவருக்கு அமெரிக்காவுக்கு வேலை மாற்றம் வந்திருப்பதால் ஆகஸ்ட் மாதம் அங்கே பதினொன்றாம் வகுப்பில் சேரப்போகிறாள். அந்தப் பள்ளி அவளுக்குக் கணிதத்தில் 'ப்ரீகால்குலஸ்' என்ற பாடத்தை ஒதுக்கியிருக்கிறது. அதில் என்னதான் கற்பிப்பார்கள், நம் ஊர்ப் பதினொன்றாம் வகுப்புக் கணக்கும் அதுவும் ஒன்றா, போவதற்கு முன் இங்கேயே டியூஷன் வைக்க வேண்டுமா என்று கேட்கிறார். ஈரோடு மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் இருபத்தேழு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் எடுத்தவன் என்ற முறையிலும், அமெரிக்காவில் படிக்கும் பேத்திக்கு இதே பாடத்தை ஓராண்டு முழுவதும் வீடியோ அழைப்பில் சொல்லிக்கொடுத்த தாத்தா என்ற முறையிலும் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் பெயர். கால்குலஸ் என்பது நுண்கணிதம். அதற்கு முன்னால் படிக்க வேண்டியது ப்ரீகால்குலஸ். நம் நாட்டில் கணிதம் என்பது ஒரே பாடமாகவே ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டு போகும்; அமெரிக்காவின் பெரும்பாலான பள்ளிகளில் அதைத் தனித்தனிப் பெயருள்ள ஓராண்டுப் பாடங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2 ஆகியவற்றுக்குப் பிறகு வருவது ப்ரீகால்குலஸ். அதையும் முடித்தவர்கள் கால்குலஸுக்குப் போவார்கள். பதினொன்றிலோ பன்னிரண்டிலோ இதைப் படிப்பது வழக்கம் என்பதால், உங்கள் மகளை உரிய இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

பாடத்தின் பொருளடக்கத்தைப் பார்த்தால் பலசரக்குக் கடையின் பட்டியலைப் போலத்தான் இருக்கும்: பல்லுறுப்புக் கோவைகள், மடக்கை, முக்கோணவியல், கூம்பு வளைவுகள், வெக்டர், அணிகள், தொடர்கள். அதைக் கண்டு பெற்றோரும் மிரள்கிறார்கள், பிள்ளைகளும் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து அத்தியாயம் அத்தியாயமாக மறக்கிறார்கள். உண்மையில் இந்தப் பாடம் முழுவதும் ஒரே ஒரு பொருளைப் பற்றியது. அதன் பெயர் சார்பு. 1748ஆம் ஆண்டு ஆய்லர் நுண்கணிதத்துக்கு முன்னோடியாக இலத்தீன் மொழியில் எழுதிய நூல்தான் சார்பு என்ற கருத்தை நடுவில் வைத்து, அடுக்குக்குறி, மடக்கை, சைன், கொசைன் அனைத்தையும் ஒரே குடும்பத்தின் உறுப்பினர்களாக நிறுத்தியது. இன்றைய ப்ரீகால்குலஸ் புத்தகங்கள் அந்த ஏற்பாட்டின் பேரப்பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

சார்பு என்பதைப் பத்தாம் வகுப்பின் முதல் அத்தியாயத்திலேயே உங்கள் மகள் படித்துவிட்டாள். இரண்டு நீள்வட்டங்களை வரைந்து அம்புக்குறிகளால் இணைத்திருப்பாள். ஆனால் அம்புக்குறியோடு நின்றுவிட்டால் அது போதாது. உங்கள் வீட்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் ஓடியது என்பதைச் சொன்னால், எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஒரே விடையாக வந்துவிடும். யூனிட் உள்ளே போகிறது, ரூபாய் வெளியே வருகிறது. அதுதான் சார்பு. இதில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும் என்பதால் ஒரே சூத்திரத்தில் எழுத முடியாது. துண்டு துண்டாகத்தான் எழுத வேண்டும். அமெரிக்கப் பாடத்தில் இத்தகைய துண்டுச் சார்புகளுக்குத் தனி இடம் உண்டு. மேலும், 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப்படிகளுக்கான விலையும் சேர்ந்து மாறிவிடுவதால், ஒரே ஒரு யூனிட் கூடுதலாக ஓடியதற்காகக் கட்டணம் சட்டென்று பெரிதாகத் தாவுகிறது என்பதை வீட்டுக்காரர்கள் அறிவார்கள். வரைபடமாகப் போட்டால் கோடு அந்த இடத்தில் அறுந்து மேலே போய்த் தொடங்கும். தொடர்ச்சியின்மை என்று புத்தகம் சொல்வது அந்த அறுந்த இடத்தைத்தான்.

என் இருபத்தேழு ஆண்டு அனுபவத்தில் மேல்நிலைக் கணிதத்தில் பிள்ளைகள் செய்யும் பிழைகளுக்கெல்லாம் தாய்ப்பிழை என்று ஒன்றைச் சொல்வேன். f(a + b) என்று கண்டவுடன் அதை f(a) + f(b) என்று பிரித்துவிடுவார்கள். f என்பதை ஏதோ பெருக்கும் எண் என்று எண்ணி, அடைப்புக்குறிக்குள் பங்கு போட்டுவிடுவார்கள். sin(A + B) என்பது sin A + sin B ஆகிவிடும். Log(a + b) என்பது log a + log b ஆகிவிடும். வர்க்கமூலமும் அப்படியே பிரிந்துவிடும். எத்தனை முறை சிவப்பு மையால் அடித்தாலும் மறுதேர்வில் அதே பிழை திரும்ப வரும். கடைசியில் நான் கையிலெடுத்த ஆயுதம் அந்த மின்கட்டண அட்டைதான். கீழ்வீட்டுக்கு ஒரு மீட்டர், மேல்வீட்டுக்கு ஒரு மீட்டர். ஒவ்வொன்றிலும் 90 யூனிட் ஓடினால் இருவருக்கும் கட்டணம் இல்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர் இருந்து 180 யூனிட் ஓடியிருந்தால்? கட்ட வேண்டி வரும். ஆக, f(90) + f(90) என்பதும் f(180) என்பதும் ஒன்றல்ல. "அதுக்குத்தானுங்க சார் எங்கப்பா ரெண்டு மீட்டர் வாங்கிட்டாரு" என்று ஒரு பையன் சொன்ன நாளிலிருந்து அந்த வகுப்பில் அந்தப் பிழை பாதியாகக் குறைந்தது. உங்கள் மகள் அமெரிக்கப் பள்ளியில் முதல் மாதமே f(x + h) − f(x) என்ற கோவையைச் சுருக்கச் சொல்லும் கணக்குகளைச் சந்திப்பாள். இந்தப் பிழை இல்லாவிட்டால் அவை மிக எளியவை.

சார்புகளைப் பற்றி அடுத்துக் கற்பிப்பவை இரண்டு: ஒன்றன்மேல் ஒன்றாகச் சார்புகளைச் சேர்ப்பது, ஒரு சார்பைத் திருப்பி ஓட்டுவது. பவானிசாகர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர் இருப்பு இத்தனை டிஎம்சி என்று நம் மாவட்டச் செய்திகளில் நாள்தோறும் வருகிறது. முழுக் கொள்ளளவில் மட்டம் 105 அடி, இருப்பு 32.8 டிஎம்சி. மட்டத்தைச் சொன்னால் இருப்பு தெரியும். அது ஒரு சார்பு. ஆனால் மட்டம் பாதியானால் இருப்பும் பாதியாகும் என்று எண்ணிவிடக் கூடாது. அணை அடியில் குறுகி மேலே விரிந்திருப்பதால், மேல்மட்டத்தின் ஓர் அடிக்கு அடிமட்டத்தின் ஓர் அடியைவிடப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும். இருப்பைச் சொன்னால் அது எத்தனை நாள் பாசனத்துக்கு வரும் என்று இன்னொரு சார்பு சொல்லும். இரண்டையும் சேர்த்தால் மட்டத்திலிருந்து நேரே நாள் கணக்குக்குப் போய்விடலாம். அது சார்புகளின் சேர்ப்பு. இத்தனை டிஎம்சி வேண்டுமானால் மட்டம் எவ்வளவு ஏற வேண்டும் என்று பின்னோக்கிக் கேட்டால் அது நேர்மாறு. மட்டம் ஏற ஏற இருப்பும் ஏறிக்கொண்டே இருப்பதால்தான் இங்கே நேர்மாறு கிடைக்கிறது. ஏறி இறங்கும் சார்பாக இருந்திருந்தால், ஒரே விளைவுக்கு இரண்டு மூலங்கள் வந்து, எதைச் சொல்வதென்று தெரியாமல் போகும். x² என்பதற்கு நேர்மாறு காணும்போது x-இன் எதிர் மதிப்புகளை விலக்கச் சொல்வதற்கும், sin⁻¹ என்பதை −90 பாகை முதல் 90 பாகை வரை மட்டும் வைத்துக்கொள்வதற்கும் காரணம் இதுவேதான். இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு அந்த எல்லைகளை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

பல்லுறுப்புச் சார்புகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. மீதித் தேற்றம், காரணித் தேற்றம், தொகுமுறை வகுத்தல் எல்லாம் நம் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. அந்தக் கணக்குகளில் நம் பிள்ளைகள் வேகமானவர்கள். அங்கே புதிதாக இருக்கப்போவது வரைபடத்தைப் பார்த்து ஊகிக்கும் பழக்கம்: படி இரட்டையா ஒற்றையா, முதல் உறுப்பின் கெழு நேரா எதிரா என்பதை மட்டும் பார்த்து, வளைவு இரு முனைகளிலும் மேலே போகுமா கீழே போகுமா என்று கணக்குப் போடாமலே சொல்ல வேண்டும்.

விகிதமுறு சார்புகளுக்கு மட்டும் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன், ஏனென்றால் தொலைத் தொடுகோடு என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் பயப்படுகிறார்கள். திருப்பூரில் பனியனில் படம் அச்சடிக்கும் ஒருவர், ஸ்கிரீன் தயாரிக்க 3000 ரூபாயும், அச்சடிக்கப் பனியனுக்கு 12 ரூபாயும் ஆகிறது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். n பனியன் அடித்தால் ஒரு பனியனுக்கு விழும் அடக்கம் 12 + 3000/n. நூறு பனியனுக்கு 42 ரூபாய், ஆயிரத்துக்கு 15 ரூபாய், பத்தாயிரத்துக்கு 12 ரூபாய் 30 காசு. எத்தனை இலட்சம் அடித்தாலும் 12 ரூபாயைத் தொடாது. ஆனால் அதை நெருங்கிக்கொண்டே போகும். அந்த 12 என்ற கிடைக்கோடுதான் தொலைத் தொடுகோடு. சின்ன ஆர்டரை எடுத்துக்கொள்ள மறுக்கும் ஒவ்வொரு முதலாளியும் அந்த வளைவின் இடப்பக்கத்தைப் பார்த்துத்தான் மறுக்கிறார்.

அடுக்குக்குறிச் சார்பும் மடக்கையும் இணைபிரியாத சோடி. ஒன்று மற்றொன்றின் நேர்மாறு. கூட்டுவட்டி தெரிந்த குடும்பத்தில் இதை விளக்குவது எளிது. ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டுவட்டியில் போட்ட பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்றால், 1.08-இன் எத்தனையாவது அடுக்கு 2 ஆகும் என்று கேட்கிறோம்; தெரியாத எண் அடுக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை அங்கிருந்து கீழே இறக்குவதற்கான கருவி மடக்கை. log 2-ஐ log 1.08-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 ஆண்டு என்று வந்துவிடும். நேப்பியர் 1614இல் மடக்கையை வெளியிட்டபோது அவருடைய நோக்கம் பெருக்கலைக் கூட்டலாக்கி வானியலாளரின் உழைப்பைக் குறைப்பது; என் தலைமுறை லாக் டேபிளைப் புரட்டியதும் அதற்காகத்தான். கால்குலேட்டர் வந்த பின் அந்தப் பயன் போய்விட்டது, ஆனால் சார்பு என்ற அளவில் மடக்கையின் மதிப்பு குறையவில்லை. நிலநடுக்க அளவும், அமிலத்தன்மையின் பிஎச் அளவும், ஒலியின் டெசிபலும் மடக்கை அளவுகளே.

இங்கேதான் e என்ற எண்ணும் அறிமுகமாகும். ஒரு ரூபாய்க்கு ஆண்டுக்கு நூறு விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். (கந்துவட்டிக்காரர்கூட வெட்கப்படுவார், கணக்குக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஆண்டு முடிவில் ஒருமுறை வட்டி சேர்த்தால் 2 ரூபாய். அரையாண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் 2.25. மாதந்தோறும் சேர்த்தால் 2.613. நாள்தோறும் சேர்த்தால் 2.7146. நொடிக்கு நொடி சேர்த்தாலும் 2.71828... என்பதைத் தாண்டாது. அந்த வரம்புதான் e. நம் புத்தகத்தில் e என்பது முடிவிலாத் தொடர் ஒன்றின் கூடுதலாக வந்து நிற்கும். அமெரிக்கப் புத்தகங்களில் பெரும்பாலும் இப்படி வட்டியின் வழியாக வரும். பின்னதே நல்ல வழி என்பது என் கருத்து.

இனி முக்கோணவியல். ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதும், உங்கள் மகள் உண்மையிலேயே புதிதாகக் கற்க வேண்டியதும் இதுதான். பத்தாம் வகுப்பில் அவள் படித்தது செங்கோண முக்கோணத்தின் பக்க விகிதங்கள். கோபுரத்தின் உயரம், கலங்கரை விளக்கத்திலிருந்து படகின் தொலைவு. அங்கே கோணம் 90 பாகைக்குள் அடங்கியது. ப்ரீகால்குலஸில் முக்கோணம் விலகி வட்டம் வரும். ஆர்யபடர் 499இல் வகுத்த அட்டவணையும் வட்டத்தின் நாணைத்தான், சரியாகச் சொன்னால் அரைநாணைத்தான், 3¾ பாகைக்கு ஒன்றாக 24 மதிப்புகளில் தந்தது. வடமொழியில் அதற்குப் பெயர் ஜ்யா; ஜ்யா என்றால் வில்லின் நாண். அந்தச் சொல் அரபு மொழிக்குப் போய், வேறொரு சொல்லாகப் படிக்கப்பட்டு, இலத்தீனில் மடிப்பு அல்லது வளைவு என்ற பொருளில் 'சைனஸ்' ஆகி, நம்மிடமே சைன் என்று திரும்பி வந்திருக்கிறது.

வட்டத்துக்கு நான் வகுப்பில் காட்டிய படம் காற்றாலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பிப் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் அவை நிற்பதால், பார்க்காத பிள்ளையே இல்லை. இறகின் நடுத்தண்டு தரையிலிருந்து 50 மீட்டர் உயரம், இறகின் நீளம் 25 மீட்டர், ஒரு சுற்றுக்கு 3 நொடி என்று கொள்வோம். ஓர் இறகின் நுனியில் சிவப்புச் சாயம் பூசி, அது கிடைநிலையிலிருந்து மேலேறத் தொடங்கும் கணத்தைச் சுழியம் என்று வைத்தால், t நொடியில் அந்த நுனியின் உயரம் 50 + 25 sin(2πt/3). முக்கால் நொடியில் 75 மீட்டர், ஒன்றரை நொடியில் மறுபடி 50, இரண்டேகால் நொடியில் 25, மூன்றாம் நொடியில் தொடங்கிய இடம். இதை வரைந்தால் அலை வரும். இந்த ஒரு வாய்பாட்டில் நான்கு செய்திகள் இருக்கின்றன: 50 என்பது அலையின் நடுக்கோடு, 25 என்பது வீச்சு, 3 என்பது ஒரு முழு அலையின் காலம், எங்கிருந்து தொடங்குகிறோம் என்பது கட்டம். வீச்சு, காலம், கட்டம், நடுக்கோடு ஆகிய நான்கையும் படத்திலிருந்து படித்தெடுக்கவும் படத்தில் ஏற்றவும் தெரிந்துவிட்டால் அந்த ஆண்டின் முக்கோணவியலில் பாதி முடிந்தது.

ரேடியன் எதற்கு, பாகை போதாதா என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். ஆரத்தின் நீளமே கொண்ட வில்லைத் தாங்கும் கோணம் ஒரு ரேடியன்; ஆகவே வில்லின் நீளம் என்பது ஆரத்தைக் கோணத்தால் பெருக்கியதாக இருக்கும், வேறெந்த எண்ணும் நடுவில் வராது. மேற்கண்ட காற்றாலையின் நுனி 3 நொடியில் 2π ரேடியன் சுற்றுகிறது. ஆகவே அதன் வேகம் 25 × 2π/3, அதாவது நொடிக்கு 52 மீட்டருக்கும் சற்று மேல், மணிக்கு ஏறத்தாழ 188 கிலோமீட்டர். தரையில் நின்று பார்க்கும்போது சோம்பலாகச் சுற்றுவதுபோல் தெரியும் இறகின் நுனி, நெடுஞ்சாலைக் கார்களையெல்லாம் மிஞ்சுகிறது. இரண்டாவது காரணம் நுண்கணிதத்தில்தான் முழுமையாகத் தெரியும்: சிறிய கோணங்களுக்கு, ரேடியனில் அளந்தால், sin x என்பது ஏறக்குறைய x-ஆகவே இருக்கும். sin 0.1 என்பது 0.0998. பாகையில் இந்த அழகு கிடைக்காது.

சுழல்வது எதுவும் இல்லாத இடத்திலும் சைன் வரும் என்பதை அமெரிக்கப் பாடம் அழுத்திச் சொல்கிறது. கோவையில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம். மிகக் குறுகிய பகல் டிசம்பரில் பதினொன்றரை மணி நேரம். நடுவில் 12 மணி 7 நிமிடம், வீச்சு 38 நிமிடம், காலம் 365 நாள், தொடக்கம் மார்ச் 21. இவற்றைக் கொண்டு எந்த நாளின் பகல் நீளத்தையும் சொல்லும் சைன் வாய்பாட்டை அவளே எழுதலாம். அமெரிக்காவில் போய் இதே கணக்கைச் செய்யும்போது வீச்சு மட்டும் மிகப் பெரிதாகியிருக்கும், ஏனென்றால் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகக் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் உள்ள வேறுபாடு கூடும். முதல் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டுவதைக் கண்டு அவள் திகைக்கும்போது இதை நினைவூட்டுங்கள்.

முக்கோணவியல் முற்றொருமைகளை நிறுவுவதில் நம் பாடநூல் அமெரிக்கப் பாடத்தைவிடக் கடினமானது; அதில் கவலை வேண்டாம். நம் ஈரோட்டில், தாயாரின் பிறந்தகத்தில், 1887 டிசம்பர் 22 அன்று பிறந்த இராமானுஜன் பள்ளி வயதிலேயே முக்கோணவியல் நூல் ஒன்றைத் தானாகவே கரைத்துக் குடித்தவர் என்பதை ஒரு பெருமைக்காகச் சொல்லிவைக்கிறேன். வளர்ந்ததும் படித்ததும் கும்பகோணம் என்று சோழநாட்டார் உடனே திருத்த வருவார்கள், அதுவும் உண்மைதான்.

மற்றவை பள்ளிக்குப் பள்ளி மாறும். பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் ஆகிய கூம்பு வளைவுகள், கலப்பெண்கள், வெக்டர்கள், அணிகள், துருவ ஆயத்தொலைகள், துணையலகுச் சமன்பாடுகள், கூட்டுத் தொடரும் பெருக்குத் தொடரும், ஈருறுப்புத் தேற்றம் ஆகியவற்றில் சிலவற்றை எடுப்பார்கள், சிலவற்றை விட்டுவிடுவார்கள். ஆற்றின் இழுப்பையும் பரிசல்காரரின் துடுப்பையும் கூட்டினால் பரிசல் எங்கே கரையேறும் என்ற வகையிலான வெக்டர் கணக்குகள் நம் பிள்ளைகளுக்கு எளிது. துருவ ஆயத்தொலைகளில் ரோசா இதழ் போன்ற வளைவுகளை வரைவது நம் பாடத்தில் இல்லாதது. புதிதாக இருக்கும், அழகாகவும் இருக்கும்.

பள்ளியில் 'ஏபி ப்ரீகால்குலஸ்' என்று இன்னொரு பெயரும் காதில் விழலாம். ஏபி என்பது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடங்களுக்கு அங்கே வழங்கும் பெயர். அந்தப் பாடங்களையும் அவற்றின் தேர்வுகளையும் நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பு 2023-24 கல்வியாண்டில் தொடங்கிய பாடம் அது. அதில் நான்கு அலகுகள்: பல்லுறுப்பும் விகிதமுறுவும், அடுக்குக்குறியும் மடக்கையும், முக்கோணவியலும் துருவச் சார்புகளும், கடைசியாகத் துணையலகு, வெக்டர், அணிகள். மே மாதத் தேர்வில் முதல் மூன்று அலகுகளிலிருந்து மட்டுமே கேட்பார்கள். தேர்வின் ஒரு பகுதிக்கு வரைபடக் கால்குலேட்டர் கட்டாயம், மற்றொரு பகுதியில் அதைத் தொடவே கூடாது. கால்குலேட்டரைக் கண்ணால் பார்க்காமல் பொதுத்தேர்வு எழுதிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு முதல் மாதம் சற்றுத் திணறலாக இருக்கும்.

ஆண்டின் கடைசியில் நுண்கணிதத்தின் கதவைச் சற்றே திறந்து காட்டுவார்கள். நம் பக்கத்து எண்பதடிக் கிணறு ஒன்றில் ஒரு கல்லைப் போடுங்கள். t நொடியில் அது விழுந்த ஆழம் 4.9t² மீட்டர். சரியாக இரண்டாம் நொடியில் அதன் வேகம் என்ன? வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுக்க வேண்டும். ஒரு கணத்தில் கடந்த தூரமும் இல்லை, கழிந்த நேரமும் இல்லை. ஆகவே 2 நொடிக்கும் 2.1 நொடிக்கும் இடையே சராசரி வேகத்தைக் காண்போம்: 20.09. அடுத்து 2-க்கும் 2.01-க்கும்: 19.649. அடுத்து 2-க்கும் 2.001-க்கும்: 19.6049. இடைவெளியை h என்று எழுதினால் விடை எப்போதும் 19.6 + 4.9h. h சுருங்கச் சுருங்க மிஞ்சுவது 19.6. முன்னே சொன்ன f(x + h) − f(x) என்ற கோவை இங்கே வந்து வேலை செய்கிறது. தொலைத் தொடுகோட்டில் பார்த்த 'நெருங்குதலும்', e-யில் பார்த்த வரம்பும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. அமெரிக்க ப்ரீகால்குலஸ் இந்த இடத்தில் நின்றுவிடும்.

நம் பதினொன்றாம் வகுப்பு நிற்காது. அதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. 2018-19இல் வந்த நம் பாடநூலில் பன்னிரண்டு அத்தியாயங்கள். கணங்கள், உறவுகள், சார்புகள் தொடங்கி இருபரிமாணப் பகுமுறை வடிவியல் வரை உள்ள முதல் தொகுதியின் ஆறும் பெருமளவுக்கு ப்ரீகால்குலஸே. இரண்டாம் தொகுதியில் அணிகள், வெக்டர் முடிந்ததும் எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் என்று அமெரிக்காவில் அடுத்த ஆண்டு படிப்பதையும் சேர்த்தே முடித்துவிடுகிறோம். கலப்பெண்களையும் கூம்பு வளைவுகளின் விரிவையும் நேர்மாறு முக்கோணவியலையும் மட்டும் பன்னிரண்டுக்குத் தள்ளியிருக்கிறோம். தாளில் பார்த்தால் நாம் ஓராண்டு முன்னால் நிற்கிறோம்.

நடப்பில் பார்த்தால் அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நம் வட்டாரத்து உறைவிடப் பள்ளி ஒன்றில் படித்த ஒரு பையனை அவன் தந்தை என்னிடம் அழைத்து வந்தார். பத்து முடித்த கையோடு பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்திவிட்டார்கள். பதினொன்றை மேலோட்டமாகத் தொட்டதோடு சரி. எந்தச் சார்பைக் கொடுத்தாலும் மடமடவென்று வகையிட்டான். y = 1/x என்பதை வரையச் சொன்னேன். பேனா நகரவில்லை. x சுழியமாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அது போர்ஷன்ல இல்லீங்க சார்" என்றான். இந்தப் பழக்கத்தை நிறுத்துவதற்காகவே 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. இப்போது அதுவும் நீங்கிவிட்டது.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: டியூஷன் வேண்டாம். புறப்படுவதற்கு முன் இருக்கும் இரண்டு மாதத்தில் பதினொன்றாம் வகுப்பின் முதல் மூன்று அத்தியாயங்களை, பயிற்சிக் கணக்கு முழுவதையும் போடாமல், ஒவ்வொரு சார்பையும் கையால் வரைந்து பார்த்து அவளே படிக்கட்டும்; கைப்பேசியில் வரைபடம் போடும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, தான் வரைந்தது சரியா என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஆங்கிலவழியில் படித்தவளாக இல்லாவிட்டால் கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். அங்கே கணக்கைவிடக் கணக்கின் வாசகமே நம் பிள்ளைகளை முதலில் தடுக்கிறது.

ஜூலை முடிவில் அம்மணியிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். y = (x − 2)² + 1 என்பதை, x-க்கு மதிப்புகள் போட்டு அட்டவணை தயாரிக்காமல், y = x² என்ற வளைவை நகர்த்தியே வரைய வருகிறதா? f(x) = x² என்றால் f(x + h) − f(x) என்பதை h-ஆல் வகுத்து 2x + h என்று கொண்டுவர முடிகிறதா? sin 150° என்ன என்று கேட்டால், எந்த அட்டவணையையும் பார்க்காமல் ஒரு வட்டத்தைப் போட்டு, கோணத்தைக் குறித்து, அரை என்று சொல்கிறாளா? மூன்றும் வந்தால் நிம்மதியாக விமானம் ஏறலாம். மூன்றாவதில் மட்டும் தடுமாறினால், வட்டத்தை இன்னொரு முறை பெரிதாக வரையச் சொல்லுங்கள்.